ரத்த வாந்தி என்று வந்த மூக்கு ரத்தம்: 30 வாரக் கர்ப்பிணி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

இந்தப் பெண் ஒரே ஒருவர் அல்ல. காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குச் சில்லுமூக்கு உடைந்து வரும் கர்ப்பிணிகள் பலர். அவர்களில் சிலரின் விவரங்களைக் கலந்து, யாரென்று தெரியாதபடி ஒருவராக்கி எழுதியிருக்கிறேன். பரிசோதனை எண்களும் சிகிச்சையும் இப்படிப்பட்டவர்களிடம் வழக்கமாகப் பார்ப்பவைதான்.

வந்த விதம்

மாசி மாதம், விடிகாலை 3 மணி. 108 ஆம்புலன்ஸில் வந்து இறங்கினார். வயது 27, இரண்டாவது கர்ப்பம், 30 வாரம். திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, ஏழாம் மாதத்திலும் போய்க்கொண்டிருந்தார். கையில் ஒரு தனியார் கிளினிக்கின் கடிதம் இருந்தது. இரண்டு முறை ரத்த வாந்தி, இரைப்பைப் புண்ணாக இருக்கலாம், எண்டோஸ்கோப்பி தேவைப்படலாம் என்று எழுதியிருந்தார்கள். அமிலத்தைக் குறைக்க ஓர் ஊசியும் போட்டிருந்தார்கள். மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எழுதியவரை முழுக்கக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பெண்ணுக்கு முதல் பிரசவத்தில் ஒன்பதாம் மாதம் பிரஷர் ஏறி, 37ஆவது வாரத்திலேயே வலி வர வைத்துக் குழந்தையை எடுத்திருக்கிறார்கள். அதே பிரச்சினை திரும்ப வராமல் இருக்க, இந்த முறை 12ஆவது வாரத்திலிருந்து தினமும் ராத்திரி ஆஸ்பிரின் 75 மி.கி. சாப்பிட்டு வருகிறார். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் ரத்த வாந்தி எடுத்தால் யாருக்கும் முதலில் இரைப்பைதான் நினைவுக்கு வரும். வாந்தியும் அதற்கு ஏற்றாற்போல் காப்பித்தூளைக் கரைத்த நிறத்தில், நடுவே கட்டி கட்டியாக இருந்திருக்கிறது.

கூட வந்த மாமியார் விஷயத்தைச் சரியாகத்தான் சொன்னார். "ராத்திரி பத்தரைக்குச் சில்லுமூக்கு ஒடஞ்சுதுங்க. படுக்க வெச்சு, நெத்தியில ஈரத்துணி போட்டு, வெங்காயத்தை மோந்து பாக்கச் சொன்னனுங்க. அது நின்னு போச்சுங்க. ஒரு மணிக்கு மேலதான் இந்த வாந்தி." அவர் சொன்னதில் 'நின்னு போச்சு' என்ற ஒரு சொல்தான் எல்லாரையும் திசைதிருப்பியது. முடிந்துபோன விஷயம் என்று அவரே சொல்லும்போது கேட்பவரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார். கிளினிக்கில் நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் டூட்டி டாக்டர் அன்று செய்த நல்ல காரியம், வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தது. தொண்டையின் பின்சுவரில், உள்நாக்குக்குப் பின்னால், புது ரத்தம் நூல்போல இறங்கிக்கொண்டிருந்தது. நோயாளி அதை நிமிடத்துக்கு ஒரு முறை விழுங்கிக்கொண்டிருந்தார். ரத்தம் நிற்கவே இல்லை, பாதை மட்டும் மாறியிருந்தது. முன்னால் வழிந்தது, மல்லாக்கப் படுத்ததும் பின்னால் வழிந்து வயிற்றுக்குப் போயிருக்கிறது. இரண்டரை மணி நேரம் வயிற்றில் சேர்ந்த ரத்தம் அமிலத்தோடு கலந்து கறுத்து வாந்தியாக வெளியே வந்திருக்கிறது. வெறும் வயிற்றில் ரத்தம் சேர்ந்தால் குமட்டல் வராமல் இருக்காது.

முதல் அரை மணி நேரம்

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 112. பிரஷர் 144/92. குழந்தையின் இதயத்துடிப்பு 148; 110க்கும் 160க்கும் இடையில் இருக்க வேண்டும், எனவே அந்தப் பக்கம் கவலையில்லை. வயிறு மெத்தென்று இருந்தது, வலி இல்லை, பனிக்குடம் உடையவில்லை, கீழே ரத்தப்போக்கு இல்லை.

பிரஷரைப் பார்த்ததும் லேபர் வார்டில் ஒரு சின்னப் பதற்றம். முதல் கர்ப்பத்தில் பிரஷர் இருந்தவர், 20 வாரம் தாண்டியவர், 140/90ஐத் தாண்டிய அளவு, கூடவே ரத்தப்போக்கு. கர்ப்பகால ரத்த அழுத்த நோய் முற்றி, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்து, அதனால் மூக்கில் ரத்தம் வருகிறதோ என்ற சந்தேகம் நியாயமானதுதான். அப்படி வந்தால் அது உயிர்ப் பிரச்சினை. ஆனால் பயந்துபோய், ரத்தம் விழுங்கி, வாந்தி எடுத்து, ஆம்புலன்ஸில் குலுங்கி வந்த எந்தப் பெண்ணுக்கும் முதல் அளவு ஏறித்தான் இருக்கும். அதை ஒதுக்கிவிடவும் கூடாது, அதை வைத்தே முடிவுக்கு வரவும் கூடாது. ரத்தத்தை நிறுத்தி, ஆசுவாசப்படுத்தி, திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். அதற்குள் ரத்தமும் சிறுநீரும் பரிசோதனைக்குப் போய்விட வேண்டும்.

நாடித்துடிப்பை நான் அதிகமாக மதிக்கிறேன். கர்ப்பிணி உடலில் ரத்தத்தின் மொத்த அளவு வழக்கத்தைவிட 40 முதல் 50 சதவீதம் வரை கூடியிருக்கும். அதனால் ஓரளவு ரத்தம் போனாலும் உடம்பு தாங்கிக்கொள்ளும், பிரஷர் கடைசியில்தான் இறங்கும். நாடி முன்கூட்டியே ஓடத் தொடங்கிவிடும். "பிரஷர் நார்மல்தானே" என்று உட்கார்ந்திருந்தால் ஏமாந்துபோவோம்.

செவிலியர் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, தலையை முன்னால் சாய்த்து, மடியில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்தார். வாய்க்கு வருவதைத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. வாய் வழியாக மூச்சு. பிறகு மூக்கைப் பிடிக்கப் போனால், கையைத் தட்டிவிட்டார் அந்தப் பெண். வலது பக்கத்தில் கல் மூக்குத்தி. பிடித்தால் உள்ளே திருகாணி குத்துகிறது. ராத்திரி வீட்டில் கணவர் பிடிக்க முயன்றபோதும் இதே கதைதான் நடந்திருக்கிறது. "வலிக்குது விடுங்க" என்று தள்ளிவிட்டு, மாமியார் சொன்னபடி படுத்துவிட்டார்.

திருகாணியைக் கழற்றப் பார்த்தோம், காய்ந்த ரத்தத்தில் ஒட்டிக்கொண்டு நகரவில்லை. பஞ்சுத் துணியை மடித்து மூக்குத்தியைச் சுற்றி வைத்து, அதன் மேல் பிடித்தார் செவிலியர். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம். ஐந்தாம் நிமிடத்தில் அந்தப் பெண்ணே "நின்னுருச்சா பாருங்க" என்றார். பார்க்கவில்லை. 15 நிமிடம் முடிந்து எடுத்தபோது ரத்தம் நின்றிருந்தது. ஒரு மணியிலிருந்து ஊரெல்லாம் தேடிய சிகிச்சை இவ்வளவுதான்.

பிடிக்கும் இடம், பிடிக்கும் நேரம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சரியாகச் செய்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமும் இதில் இல்லை. மூக்கைப் பிடியுங்கள் என்றால் பத்தில் பாதிப் பேர் மூக்குக்கண்ணாடி உட்காரும் எலும்பைப் பிடிக்கிறார்கள். எலும்பை எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே இருக்கும் ரத்தக்குழாய் நசுங்காது. எலும்பு முடிந்து மூக்கு மெத்தென்று ஆகும் இடத்துக்குக் கீழே, இரண்டு பக்கமும் சேர்த்து, நாற்றம் அடிக்கும்போது மூக்கை மூடுவோமே அப்படிப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம்தான் வருகிறது என்றாலும் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே பிடிக்க வேண்டும்.

காரணம் எளிது. மூக்கு ரத்தத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் நடுச்சுவரின் முன்பகுதியிலிருந்து வருகிறது. விரலை விட்டால் நுனி தொடும் இடம் அது. நான்கு ரத்தக்குழாய்களின் கிளைகள் அங்கே வந்து வலைபோலச் சேர்கின்றன. நியூயார்க் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் லிட்டில் 1879இலும், ஜெர்மனியின் கீஸல்பாக் 1884இலும் இந்த இடத்தைப் பற்றி எழுதினார்கள். இன்றும் மருத்துவ மாணவர்கள் இருவர் பெயரையும் சொல்லித்தான் பரீட்சை எழுதுகிறார்கள். மேலே மெல்லிய சளிச்சவ்வு, அடியில் குருத்தெலும்பு, இடையில் இந்த வலை. வெளியிலிருந்து விரல் அழுத்தம் நேராகப் போய்ச் சேரும் இடம், அதனால்தான் இரண்டு விரலே போதும்.

அடுத்தது நேரம். குறைந்தது 10 நிமிடம், 15 என்றால் நல்லது, நடுவில் எடுத்துப் பார்க்காமல். ரத்தம் உறைந்து ஒரு மூடி உருவாக நேரம் ஆகும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்தால் அந்த மூடியை நாமே பிய்த்து எடுக்கிறோம். மனசுக்குள் எண்ணினால் 15 நிமிடம் 4 நிமிடத்திலேயே முடிந்துவிடும். கடிகாரம் வேண்டும், இல்லையென்றால் போனில் அலாரம்.

கர்ப்பிணிக்கென்று இதில் ஒரு கூடுதல் விஷயம் உண்டு. மயக்கம் வருவதுபோல் இருந்தால் மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது. ஐந்து மாதத்துக்கு மேல் கருப்பை, முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தநாளத்தை அழுத்தும். மயக்கம் கூடும், குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையும். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி தலையைச் சாய்த்து, அப்போதும் மூக்கைப் பிடித்தபடியே இருக்க வேண்டும்.

வெங்காயம் மோப்பது பற்றிக் கேட்பார்கள். கெடுதல் இல்லை, பலனும் இல்லை. ஆனால் வெங்காயம் பிடித்திருக்கும் கை மூக்கைப் பிடித்திருக்கலாமே என்பதுதான் என் வருத்தம். நெற்றியிலோ மூக்கின் மேலோ குளிர்ந்த துணி வைக்கலாம், பிடிப்பதற்குக் கூடுதலாக மட்டும்.

காலையில் தெரிந்தவை

நான் பார்த்தபோது எட்டு மணி. பிரஷர் 126/80, அதற்குப் பின் 118/76. சிறுநீரில் புரதம் இல்லை. தட்டணுக்கள் 2.1 லட்சம். ஈரல் பரிசோதனையும் ரத்தம் உறையும் நேரமும் சரியாக இருந்தன. தலைவலி இல்லை, கண் மங்கவில்லை, மேல்வயிற்றில் வலி இல்லை. பிரஷர் நோய் என்ற சந்தேகம் அத்தோடு அடங்கியது. ஆனாலும் அடுத்த செக்கப்பை ஒரு வாரத்துக்கு முன்னால் கொண்டுவந்தார் மகப்பேறு மருத்துவர். இரைப்பை எண்டோஸ்கோப்பி தேவைப்படவில்லை.

எங்களைக் கவலைப்பட வைத்த எண் வேறு. ஹீமோகுளோபின் 9.2 கிராம். கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்று கணக்கு. ராத்திரி போன ரத்தத்தால்தான் இவ்வளவு குறைந்தது என்று சொல்ல முடியாது. ரத்தம் போன சில மணி நேரத்தில் அந்த எண் முழுதாக இறங்காது. மறுநாள் எடுத்தபோது 8.8. ஆக, ஏற்கெனவே குறைவாக இருந்தவருக்குத்தான் சில்லுமூக்கும் உடைந்திருக்கிறது.

காலையில் மலம் கறுப்பாகப் போனதாகச் சொன்னார். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பாகத்தான் போகும். "மாத்திரை சாப்பிடறீங்களா?" என்றேன். மாமியார் முந்திக்கொண்டார்: "கிராமத்து நர்ஸம்மா குடுத்ததுங்க, ஒரு நாள் தவறாம சாப்புடறா." அவர் டீ வாங்கப் போன பிறகு அந்தப் பெண் மெல்லச் சொன்னார், ஒரு மாதமாகச் சாப்பிடவில்லை. குமட்டுகிறது. பட்டை பட்டையாக அலமாரியில், புடவைக்கு அடியில் இருக்கிறது. அப்படியானால் கறுப்பு, விழுங்கிய ரத்தத்தால் வந்தது. ஹீமோகுளோபின் ஏன் குறைந்தது என்பதற்கும் பதில் கிடைத்துவிட்டது. இந்த இரண்டு பதிலும் நோயாளி தனியாக இருந்த மூன்று நிமிடத்தில் கிடைத்தவை. பெரியவர்களை அவமதிக்க வேண்டியதில்லை, ஏதாவது வாங்கிவர அனுப்பினால் போதும்.

அவரது கைப்பையில் இன்னொன்றும் இருந்தது: மருந்துக்கடையில் தானாக வாங்கிய மூக்கடைப்புச் சொட்டு மருந்து. ஐந்து வாரமாக, ராத்திரி இரண்டு மூன்று தடவை. அது இல்லாமல் தூங்க முடியவில்லை என்றார்.

ஏன் கர்ப்பத்தில்

கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது மூக்கின் சளிச்சவ்வு வீங்கி, ரத்தம் கட்டி, சிவந்துபோகும். புரோஜெஸ்ட்ரோன் ரத்தக்குழாய்களைத் தளர்த்தும். ஓடும் ரத்தத்தின் அளவும் அதிகம். சளியே இல்லாமல் மூக்கடைப்பு வருவதும், பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருவதும், சில்லுமூக்கு உடைவதும் ஒரே காரணத்தின் மூன்று முகங்கள். 2009இல் வெளியான ஓர் ஆய்வில் கர்ப்பிணிகளில் சுமார் 20 சதவீதம் பேருக்கு மூக்கில் ரத்தம் வந்திருந்தது, கர்ப்பமில்லாத பெண்களில் 6 சதவீதம் பேருக்கு. ஐந்தில் ஒருவருக்கு வரும் விஷயம், ஆனால் செக்கப்பில் யாரும் கேட்பதும் இல்லை, அவர்கள் சொல்வதும் இல்லை.

இந்தப் பெண்ணிடம் அது ஒரு சங்கிலியாக நடந்தது. கர்ப்பத்தின் மூக்கடைப்பு முதலில். அதற்குச் சொட்டு மருந்து. அந்த வகை மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் விட்டால், அது இறங்கும்போதெல்லாம் அடைப்பு முன்னைவிட அதிகமாகத் திரும்பி வரும். அதனால் இன்னும் அடிக்கடி விடத் தோன்றும். விட விட சவ்வு காய்ந்து பொருக்குத் தட்டும். பகலெல்லாம் செக்கிங் டேபிளில் பஞ்சுத் தூசி, அதற்கு மேலே காற்றாடி, வெளியில் மாசி மாதத்து வறண்ட காற்று. பொருக்கு உறுத்தினால் விரல் போகாமல் இருக்குமா? நகத்தால் எடுத்ததை அவரே ஒப்புக்கொண்டார், கொஞ்சம் வெட்கத்தோடு.

அப்புறம் மூக்குத்தி. ஊறவைத்துப் பொருக்கை எடுத்துப் பார்த்தேன். வலது நடுச்சுவரில், திருகாணியின் தலைக்கு நேர் எதிரே, பயறு அளவுக்கு ஒரு புண். அதன் ஓரத்தில் ஒரு ரத்தக்குழாய் புடைத்து நின்றது. பன்னிரண்டு வயதில் குத்திய மூக்கு, இத்தனை வருடம் ஒன்றும் செய்யவில்லை. கர்ப்பத்தில் இரண்டு பக்கச் சவ்வும் வீங்கியதில் இடைவெளி குறைந்து திருகாணி உரசத் தொடங்கியிருக்கிறது என்பது என் கணிப்பு. சங்கிலியின் எந்தக் கண்ணி முக்கியம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் புண் இருந்த இடம் தற்செயலாகத் தெரியவில்லை.

மாமியாரின் கணிப்பு வேறு. "ஒடம்புச் சூடுங்க டாக்டர். எளநி குடி, வெந்தயம் ஊற வெச்சுக் குடின்னு சொன்னாக் கேக்கோணுமல்லங்க." நான் மறுக்கவில்லை. தண்ணீரும் இளநீரும் நிறையக் குடிக்கட்டும், வறட்சிக்கு அது நல்லதே. மூக்கில் எண்ணெயை ஊற்றாமல் இருந்தால் சரி என்றேன். படுத்தபடி எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்கும் போகலாம்.

மூக்குக்குள் வேறு கட்டி எதுவும் இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். கர்ப்பகாலத்தில் ஈறிலும், சில சமயம் மூக்கின் நடுச்சுவரிலும் செர்ரிப் பழம்போலச் சிவந்த ஒரு சதை வளரும். தொட்டாலே ரத்தம் கொட்டும். புற்றுநோய் அல்ல, பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தானாகச் சுருங்கும். ஒரே பக்கம் திரும்பத் திரும்ப ரத்தம் வந்து, அந்தப் பக்கம் அடைப்பும் இருந்தால் உள்ளே பார்க்காமல் விடக் கூடாது என்பது அதனால்தான்.

நான் செய்த தவறு

ரத்தம் நின்றிருந்ததால் அன்று அந்தக் குழாயை மருந்து வைத்துச் சுட்டு அடைக்கவில்லை. சொட்டு மருந்தை நிறுத்தினோம். பதிலுக்கு உப்புக்கரைசல் சொட்டு, ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை. காலையும் ராத்திரியும் நடுச்சுவரில் வாஸ்லின் போன்ற களிம்பை விரல் நுனியால், நகம் படாமல், மெல்லிசாகத் தடவ வேண்டும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். ஒரு நாள் மூக்கைச் சிந்தக் கூடாது, கொதிக்கக் கொதிக்கக் காப்பி வேண்டாம், குனிந்து பாரம் தூக்க வேண்டாம், கழிவறையில் முக்க வேண்டாம். படுக்கும்போது தலைப்பக்கம் ஒரு தலையணை கூடுதலாக.

ஆஸ்பிரினை நிறுத்தலாமா என்று கணவர் கேட்டார். மகப்பேறு மருத்துவரும் நானும் பேசினோம், தொடரச் சொன்னோம். முதல் கர்ப்பத்தில் பிரஷர் வந்தவருக்கு அந்த மாத்திரை தரும் பாதுகாப்பு பெரிது. இந்த ரத்தம் இரண்டு விரலுக்கு அடங்கியது. இதுவே ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசி போடுபவராக இருந்தாலோ, தட்டணுக்கள் குறைவாக இருந்தாலோ கணக்கு வேறு. எப்படியானாலும் மாத்திரையை வீட்டில் தானாக நிறுத்துவது கூடாது.

மூக்குத்தியைக் கழற்றச் சொன்னேன். மாமியார் முகம் மாறியது. "வயித்துப் புள்ளையோட மூக்குத்தியக் கழட்டறதா? வேண்டாமுங்க." நான் வற்புறுத்தவில்லை. புண் ஆறிவிடும், எதற்கு ஒரு வீட்டுச் சண்டை என்று விட்டுவிட்டேன். அதுதான் தவறு.

ஒன்பதாம் நாள் திரும்ப உடைந்தது. இந்த முறை வீட்டிலேயே சரியாகச் செய்திருந்தார்கள். உட்கார்ந்து, முன்னால் குனிந்து, கணவர் போனில் அலாரம் வைத்து, 15 நிமிடம். நின்றது. வாந்தி இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை. மறுநாள் காலை பஸ்ஸில் வந்தார்கள். பார்த்தால் அதே புண், அதே குழாய். பொருக்கு திருகாணியோடு ஒட்டி, மூக்குத்தி அசையும்போதெல்லாம் பிய்ந்துகொண்டிருந்தது.

இப்போது சுட்டோம். லிக்னோகைன் நனைத்த பஞ்சை 10 நிமிடம் வைத்து மரத்துப்போக வைத்தேன். வழக்கமாக அதோடு அட்ரினலின் சேர்ப்போம், ரத்தக்குழாயைச் சுருக்க. இவருக்கு பிரஷர் வரலாறு இருந்ததால் சேர்க்கவில்லை. பிறகு சில்வர் நைட்ரேட் குச்சி. தீக்குச்சி போலவே இருக்கும், நுனியில் சாம்பல் நிற மருந்து. குழாயைச் சுற்றி முதலில் தொட்டு, கடைசியில் குழாயின் மேல் சில நொடி. தொட்ட இடம் வெள்ளையாகி, பிறகு சாம்பல் நிறமானது. கண்ணில் நீர் வந்தது, ஒரு தும்மல், அவ்வளவுதான். ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்கமும் ஒரே நாளில் சுட்டால் நடுச்சுவரின் குருத்தெலும்பு பட்டினி கிடந்து ஓட்டை விழலாம்.

மூக்குத்தி விஷயத்தில் இந்த முறை நேராகப் பேசினேன். மாமியாரைக் கூப்பிட்டு, வெளிச்சத்தில் உள்ளே காட்டினேன். திருகாணியும் புண்ணும் எதிரெதிரே இருப்பதை அவர் கண்ணால் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தூர்ந்து போயிருமுங்களே" என்றார். அவர் கவலை சாஸ்திரம் மட்டுமல்ல, துளை மூடிவிடும் என்பதும்தான். முதலிலேயே கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். புண் ஆறும் வரை உள்பக்கம் நீட்டிக்கொண்டிராத ஒரு மெல்லிய வேப்பங்குச்சியைத் துளையில் போட்டு வைப்பதென்று முடிவாயிற்று. குச்சியைச் சுத்தமாகக் கழுவி, வெளிப்பக்கம் விழாதபடி பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. எனக்குப் பிடித்த தீர்வா என்றால் இல்லை. ஆனால் நடந்தது.

விரலுக்கு அடங்காவிட்டால்

இவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் 15 நிமிடம் பிடித்து, இன்னொரு 15 நிமிடமும் பிடித்து, பிறகும் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பிடித்தபடியே. முன்னால் இறுக்கிப் பிடித்திருக்கும்போதே தொண்டையில் ரத்தம் கொட்டினால் அது பின்பக்கக் குழாயாக இருக்கலாம், காத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் டிரனெக்ஸாமிக் அமிலம் (உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் மருந்து) நனைத்த பஞ்சு, தானே கரையும் ஜெலட்டின் பஞ்சு, அதற்கும் அடங்காவிட்டால் மூக்குக்குள் வைத்து ஊதிப் பெருக்கும் அடைப்பு என்று படிப்படியாகப் போவோம். கர்ப்பிணிகளுக்குக் கரையும் வகையையே நான் முதலில் எடுப்பேன். எடுக்கும்போது திரும்பக் கிழியாது என்பதுதான் காரணம்.

ரத்தம் நின்றுவிட்டாலும் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. தலைவலியோ, கண் மங்கலோ, முகமும் கையும் திடீரென்று வீங்குவதோ, நெஞ்சுக்குழியில் வலியோ கூட இருந்தால் பிரஷர் பார்த்தே ஆக வேண்டும். தோலில் சிவப்புப் புள்ளிகள், அடிபடாமலே கன்றிய தடம், ஈறிலும் ரத்தம் என்றால் தட்டணுக்களை எண்ண வேண்டும். மழைக்காலத்தில் காய்ச்சலோடு மூக்கில் ரத்தம் என்றால் நம் ஊரில் டெங்குவை நினைக்காமல் இருக்க முடியாது. குடும்பத்தில் அம்மாவுக்கோ சகோதரிக்கோ பல் பிடுங்கிய பிறகு ரத்தம் நிற்காத கதை இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். பிரசவத்தன்று அது தெரிய வருவதைவிட முன்பே தெரிவது மேல்.

பிறகு

ரத்தசோகைக்கு இரும்புச்சத்தை நரம்பு வழியாக, அயர்ன் சுக்ரோஸ் ஊசியாக, சலைனில் கலந்து சில தவணைகளில் ஏற்றினோம். மாத்திரையையும் விடவில்லை. சாப்பாட்டுக்குப் பின் ராத்திரியில், டீ காப்பியோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்க்காமல் என்று மாற்றியதில் குமட்டல் குறைந்தது. 36ஆவது வாரத்தில் ஹீமோகுளோபின் 10.6. ஆஸ்பிரினை அந்த வாரத்தோடு நிறுத்தினார்கள். பிரஷர் கடைசி வரை ஏறவில்லை. மூக்கில் ஒரே ஒரு தடவை கைக்குட்டையில் கோடுபோலத் தெரிந்ததாகச் சொன்னார்.

கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதி வைத்தேன்: மூக்கு வழியாகக் குழாய் எதுவும் போட வேண்டாம். சிசேரியன் என்று அவசரமாகப் போக நேர்ந்தால், மயக்க மருந்து கொடுப்பவர் அதைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணியின் மூக்கில் குழாயை நுழைத்தால் சாதாரணமாகவே ரத்தம் வரும், இவருக்குச் சொல்லவே வேண்டாம். அதற்குத் தேவை வரவில்லை. 39ஆவது வாரத்தில் சுகப்பிரசவம், பெண் குழந்தை.

ஆறு வாரம் கழித்து, குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தவர்கள் என் அறையிலும் எட்டிப் பார்த்தார்கள். மூக்கடைப்பு பிரசவமான சில வாரத்திலேயே போய்விட்டதாம். கல் மூக்குத்தி பழைய இடத்துக்கு வந்திருந்தது. ஹெட்லைட்டைப் போட்டு உள்ளே பார்த்தேன். சவ்வு வெளிறி, ஈரமாக, ஒழுங்காக இருந்தது. சுட்ட இடத்தில் தழும்பு தேடினால்தான் தெரிந்தது. திருகாணிக்கும் நடுச்சுவருக்கும் இடையே ஒரு நெல்மணி நுழையும் அளவுக்கு இடம் இருந்தது.